மாமாவின் காலுக்கு 13 மார்க்

செம்பட்டியில் இறங்காதவர்கள்கூட செம்பட்டியைக் கடந்திருப்பார்கள். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, தேனி போகிறவர்களும், நிலக்கோட்டைப் பக்கமிருந்து ஒட்டன்சத்திரம், பழநி போகிறவர்களும் எங்கள் ஊரைத் தொட்டுத்தான் போக வேண்டும். காய்கறி லாரி, பூ ஏற்றிய மினி லாரி, கொடைக்கானல் போகிற கார், தைப்பூசம் வந்தால் பாதயாத்திரைக் கூட்டம் என்று ரோடு ஓய்வதே இல்லை. இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ‘டமார்’ என்று சத்தம் கேட்டால் டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு நாலு பேர் ஓடுவார்கள். ஓடிப்போய் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் நாலு பேருக்கும் நாலு கருத்து இருக்கும்.

என் மாமாவுக்கு அடிபட்ட அன்றும் அப்படித்தான்.

மாமா, என் அம்மாவின் தம்பி. வயது 58. கொஞ்சம் தென்னை, கொஞ்சம் வெங்காயம், இரண்டு மாடு. சில வருடங்களாகச் சர்க்கரைக்கு மாத்திரை. விடிகாலையில் பால் கேனை எக்ஸெல் வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பியவரை, முந்திப்போன வேன் ஒன்று உரசிவிட்டது. வண்டியும் பாலும் மாமாவும் ரோட்டோரத்து எருக்குழியில் போய் விழுந்தார்கள்.

முழங்காலுக்குக் கீழே தோல் கிழிந்து எலும்பு வெளியில் தெரிந்தது. காப்பித்தூளை அப்பினால் ரத்தம் நிற்கும் என்றார் ஒருவர். மஞ்சளைக் குழைத்துப் போடச் சொன்னார் இன்னொருவர். எலும்புக்குக் கட்டுப் போடுகிற வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போகக் காரே தயாராக நின்றது. எல்லாம் அக்கறையில் சொன்னதுதான். ஓடி வந்த அத்தை ஒரே பார்வையில் முடிவு செய்துவிட்டார்.

“எலும்பு வெளிய தெரியுதுப்பா. இதுக்குக் கட்டு கிடையாது, ஆஸ்பத்திரிதான். யாராச்சும் 108-க்குப் போடுங்க. கால்ல ஒண்ணும் தடவாதீங்க, சாமி.”

அத்தை அங்கன்வாடியில் வேலை பார்த்தவர். குழந்தைகளின் காயங்களைப் பார்த்துப் பழகிய கை. துவைத்து மடித்த வேட்டியை எடுத்துவரச் சொல்லி, காயத்தின் மேல் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டார். எலும்பை உள்ளே தள்ளவோ, காலை நேராக்கவோ யாரையும் விடவில்லை. ஆம்புலன்ஸில் வந்த தம்பிகள் காலை அசையாமல் கட்டி ஏற்றினார்கள். திண்டுக்கல்லில் குளுக்கோஸ், தொற்று வராமல் இருக்க ஆன்டிபயாடிக், டெட்டனஸ் ஊசி, எக்ஸ்ரே எல்லாம் ஆனது. அங்கிருந்து மதுரை. சூரியன் உச்சிக்கு வருவதற்குள் மாமா ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தார்.

தியேட்டர் வாசலில் அத்தை டாக்டரிடம் கேட்டது ஒரே கேள்வி. “காலை எடுத்துருவீங்களா சார்?”

“உள்ளே போய்க் காயத்தைக் கழுவிச் சுத்தம் பண்ணிட்டு, மார்க் போட்டுப் பார்த்துட்டுச் சொல்றேம்மா.”

நான் கணக்கு டீச்சர். மார்க் என்றதும் காது நிமிர்ந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்த டாக்டர், கையிலிருந்த காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். தோல் 4, எலும்பு 3, தசை 2. ஆக 9. மாத்திரை போடுகிற சர்க்கரைக்கு 2. எருக்குழி அழுக்குக்கு 2. மொத்தம் 13.

“பரீட்சைக்கு நேர்மாறு டீச்சர். இதுல மார்க் குறையக் குறைய நல்லது. 14 வரைக்கும் காலைக் காப்பாத்த முயற்சி பண்ணலாம். 17, அதுக்கு மேலன்னா எடுக்கிறதுதான் உசிருக்கு நல்லது. நடுவுல இருக்கிற 15, 16-தான் எங்களுக்குத் தூக்கம் கெடுற இடம். இதுக்குப் பேரு கங்கா ஸ்கோர்.”

அத்தைக்கு அந்தக் கலவரத்திலும் சந்தேகம். “காசியில கண்டுபிடிச்சதா சார்?”

“இல்லம்மா. நம்ம கோயம்புத்தூர்ல.”

அன்று ராத்திரி வார்டு வராந்தாவில் உட்கார்ந்து செல்போனில் தேட ஆரம்பித்தவள்தான். அதன்பிறகு டாக்டரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கோவை கங்கா மருத்துவமனை 1978-ல் தொடங்கப்பட்டது. அங்கே எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரனும், பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர் டாக்டர் எஸ்.ராஜா சபாபதியும் அண்ணன் தம்பி. எலும்பு டாக்டரும் தோலை ஒட்டுப்போடும் டாக்டரும் ஒரே நேரத்தில் ஒரே காலைப் பார்ப்பது அங்கே வழக்கம். எலும்பைச் சேர்த்துவிட்டு அதை மூடத் தோல் இல்லையென்றால், சேர்த்த எலும்பு பிழைக்காது.

எலும்பு வெளியே தெரியும் முறிவுகளை வகை பிரிக்க டாக்டர்களிடம் ஏற்கெனவே ஒரு முறை இருந்தது. அமெரிக்காவின் மினியாபொலிஸில் குஸ்டிலோ, ஆண்டர்சன் என்ற இரண்டு டாக்டர்கள் 1,025 முறிவுகளை ஆராய்ந்து 1976-ல் வெளியிட்டது. 1984-ல் அதன் மூன்றாம் வகையை மூன்றாக உடைத்தார்கள். உலகம் முழுக்க அதைத்தான் இன்றும் சொல்கிறார்கள். ஆனால், ஓரளவு தோல் போன காலும், தொங்கிக்கொண்டிருக்கிற காலும் அதில் ஒரே பிரிவுக்குள் வந்துவிடும். 35 எடுத்தவனையும் 95 எடுத்தவனையும் ‘பாஸ்’ என்று மட்டும் எழுதினால் எப்படி இருக்கும்? அப்படி. 1990-ல் அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு மார்க் முறை, ரத்த ஓட்டத்துக்கும் அதிர்ச்சிக்கும் வயதுக்கும் முக்கியத்துவம் கொடுத்தது. ரத்தக்குழாய் அறுந்த கால்களுக்கு அது உதவும். குழாய் நன்றாக இருந்தும் தோலும் எலும்பும் சிதைந்த கால்களுக்கு அது போதவில்லை.

கோவை டாக்டர்கள், அப்படிச் சிதைந்து வந்த 109 பேரின் கால்களை வரிசையாகக் கணக்கெடுத்து, 2006-ல் பிரிட்டனின் எலும்பு மருத்துவ இதழில் தங்கள் முறையை வெளியிட்டார்கள். மூன்று பாடம்: தோல், எலும்பு, தசையும் நரம்பும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. அதற்கு மேல் ஏழு கூடுதல் விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் 2. அதிகபட்சம் 29.

அந்த ஏழையும் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வயது 65-க்கு மேல் இருப்பது. ஆஸ்பத்திரிக்கு வரும்போது ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே இருப்பது. மருந்து தேவைப்படும் சர்க்கரை அல்லது இதய, நுரையீரல் நோய். நெஞ்சிலோ வயிற்றிலோ பலத்த காயம். அதே காலில் இன்னொரு பெரிய அடி. சாக்கடை அல்லது தொழுவத்து அழுக்கு படுவது. அடிபட்டதிலிருந்து அறுவை சிகிச்சையில் காயத்தைச் சுத்தம் செய்வது வரை 12 மணி நேரத்தைத் தாண்டுவது.

எருவும் சாக்கடையும் தாமதமும் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரையில் மார்க்கோடு நிற்கின்றன. எங்கள் ஊர் ரோட்டோரத்தைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது எனக்கு.

இந்த ஏழில் வயதை மாற்ற முடியாது. சர்க்கரையை அந்த நிமிடத்தில் மாற்ற முடியாது. விழுந்த இடத்தை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ரோட்டில் ஓடி வருகிற நாலு பேரால் நேரடியாக மாற்றக்கூடியது 12 மணி நேரக் கணக்குதான். அத்தை மட்டும் அந்தக் காரை வைத்தியர் வீட்டுப் பக்கம் விட்டிருந்தால், அங்கே கட்டுப் போட்டு, சாயங்காலம் காய்ச்சல் வந்து, மறுநாள் ஆஸ்பத்திரியைத் தேடியிருப்போம். 13-உடன் 2. அதாவது 15. டாக்டரின் தூக்கத்தைக் கெடுக்கிற 15.

காலைக் காப்பாற்றும் முடிவைத் தியேட்டரில் டாக்டர்தான் எடுக்கிறார். ஆனால், அவர் கையில் எந்த எண் போய்ச் சேர வேண்டும் என்பதில் ரோட்டில் நிற்கிற நமக்கும் பங்கு இருக்கிறது. மாமாவின் காலிலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்.

மார்க் 13 என்பதால் மாமா மறுவாரம் எழுந்து நடந்துவிடவில்லை. காலுக்கு வெளியே கம்பிக்கூடு. பிறகு தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அதன்பிறகு எலும்புக்குள் கம்பி. மூன்று ஆபரேஷன், பல மாதம் ஊன்றுகோல். பீடி எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும் என்று டாக்டர் சொன்னதும், முப்பது வருடப் பீடியை மாமா விட்டார். ஒரு மாடு விற்றாகிவிட்டது. வெங்காயம் அந்த வருடம் போடவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஓர் இளைஞன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவன் காலுக்கு 18. அவனுடைய அம்மா, “எத்தனை ஆபரேஷன் வேணா பண்ணுங்க, காலு மட்டும் இருக்கட்டும்” என்று கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் நின்று நிதானமாகப் பேசினார். உயிரில்லாத காலை வைத்துக்கொண்டு போராடினால் கிருமி உடம்பு முழுக்கப் பரவலாம், இரண்டு வருடம் ஆஸ்பத்திரியிலேயே கழியலாம், கடைசியில் எடுக்கத்தான் வேண்டி வரலாம் என்று சொன்னார். முழங்காலுக்குக் கீழே எடுத்துச் செயற்கைக்கால் பொருத்தினால் வேலைக்கே போகலாம் என்றும் சொன்னார். முடிவை அந்தப் பையன்தான் எடுத்தான். மாமா ஊன்றுகோலோடு பழகிக்கொண்டிருந்த நாள்களில், அவன் செயற்கைக்காலில் நடந்து வந்து மாமாவைப் பார்த்துவிட்டுப் போனான். “உங்களுக்கு முன்னாடியே நான் நடந்துட்டேன் பாத்தீங்களா, மாமா” என்று சிரித்தான். அவன் போன பிறகு மாமா வெகுநேரம் பேசவில்லை.

காலை எடுப்பது தோல்வி, வைத்திருப்பது வெற்றி என்று அதுவரை நினைத்திருந்தோம். எந்தக் காலுக்கு எது நல்லது என்று முன்கூட்டியே ஓரளவு சொல்ல முடிவதுதான் இந்தக் கணக்கின் பயன். அதுவும் கடைசி வார்த்தை கிடையாது. காயத்தின் மார்க்கோடு, அந்த மனிதரின் வேலை, வசதி, விருப்பம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் டாக்டர்கள் பேசுகிறார்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது சில விஷயங்கள்தான். எலும்பு தெரிகிற காயத்தில் மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி அழுத்துங்கள். எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். காலை இருக்கிற நிலையிலேயே அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு என்னென்ன மாத்திரை என்பதை வீட்டில் ஒருவராவது தெரிந்து வைத்திருங்கள்.

போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டி வருமோ என்று தயங்க வேண்டாம். விபத்தில் உதவுகிறவர்களுக்கு 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. பெயரைச் சொல்லச் சொல்லிக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. பணத்துக்காகவும் தாமதிக்க வேண்டாம். ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இலவச சிகிச்சை உண்டு. அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் சரி.

கடைசியாக ஒன்று. எலும்பு சேர்ந்துவிட்டது என்று எக்ஸ்ரே காட்டிய நாளில், டாக்டர் ஒரு படிவத்தை நீட்டினார். மாமாவின் காயப் படங்களையும் எக்ஸ்ரேக்களையும் மாணவர்களுக்குக் காட்டவும் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தவும் சம்மதம் கேட்டு. விருப்பமில்லை என்றால் வேண்டாம், சிகிச்சையில் எந்த வித்தியாசமும் இருக்காது என்றும் சொன்னார்.

“அதுல என் பேரு வருமா சார்?”

“வராதுங்க. வயசு, காயம், எத்தனை நாள்ல சேர்ந்துச்சு, அவ்வளவுதான்.”

மாமா என்னைப் பார்த்தார். “அந்தக் கோயம்புத்தூர்க் கணக்குல எத்தனை பேருன்னு சொன்ன பாப்பா?”

“109 பேர், மாமா.”

“அவுக பேரும் தெரியாதுல்ல?”

“தெரியாது.”

மாமா பேனாவை வாங்கினார். நடுங்காமல் கையெழுத்துப் போட்டார்.

“யாரோ பேரு தெரியாத 109 பேரால என் காலு நின்னுச்சு. நானும் பேரில்லாம ஒரு ஆளா இருந்துட்டுப் போறேன்.”