கட் அடித்த இருவர்

'டிரைவ்-இன்' என்று பெயர் வைத்த ஓட்டலுக்கு 29சி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன ஜாதி நான். ஜெமினி மேம்பாலம் பக்கம் இறங்கி கதீட்ரல் ரோட்டில் நடந்தால் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். அதே ரோட்டில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி இருப்பது தற்செயல் என்றுதான் இன்றுவரை என் மனைவியிடம் சொல்லி வருகிறேன்.

போன மாதம் அப்பா திடீரென்று, "அந்தப் பக்கம் ஒரு தடவை போயிட்டு வரலாம்டா" என்றார். போனோம். இப்போது அது செம்மொழிப் பூங்கா. டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தோம். அப்பா எடுத்த எடுப்பில் மரங்களைப் பார்த்தார். சொந்தக்காரர்களைக் கல்யாண மண்டபத்தில் தேடுகிற மாதிரி!

1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கிய கே. கிருஷ்ணா ராவ், 1962-ல் ஆரம்பித்த ஓட்டல் இது. மரத்தடியில் காரை நிறுத்தினால் போதும், சர்வர் வந்து கார் கதவிலேயே தட்டை மாட்டிவிடுவார். காற்றடித்த பந்து மாதிரி பட்டூரா வரும். அதை முதலில் எங்கே குத்துவது என்பதே ஒரு குடும்பப் பிரச்னை.

கார் இல்லாத என் போன்றவர்களுக்கு உள்ளே மேஜை, நாற்காலி. அங்கேதான் நிஜமான மெட்ராஸ் உட்கார்ந்திருக்கும். மெடிக்கல் ரெப், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், தயாரிப்பாளருக்குக் கதை சொல்லக் காத்திருக்கும் உதவி இயக்குநர்... பாதிப் பேருக்கு அதுதான் ஆபீஸ். அட்வான்ஸ் கிடையாது, வாடகை கிடையாது. ஒரு காபி, அவ்வளவுதான்.

2006. நான் பி.காம். இரண்டாம் வருஷம். ஒரு நாள் மத்தியானம் கிளாஸை கட் அடித்துவிட்டு, பட்டூராவுக்குச் சரியாகக் காசு எண்ணிக்கொண்டு உள்ளே போனால், மூலை மேஜையில் அப்பா! எதிரில் ஃபைல், காலி காபி டம்ளர். 'ஆபீஸ் போறேன்' என்று காலையில் அம்மாவிடம் டிபன் பாக்ஸ் வாங்கிக்கொண்டு போன அதே அப்பா.

ஓடலாமா என்று யோசிப்பதற்குள் பார்த்துவிட்டார். இரண்டு நிமிஷம் இருவருமே பேசவில்லை. பிறகு சர்வரைக் கூப்பிட்டு, "பையனுக்கு ஒரு பட்டூரா" என்றார். அவருக்கு ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்பா கை கழுவப் போனபோது சர்வர் மெதுவாகச் சொன்னார்: "மூணு மாசமா வர்றார் தம்பி. நல்ல மனுஷன்."

மூன்று மாசம்! பட்டூரா தொண்டையில் நின்றுவிட்டது. அப்பா வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரியும். தினம் காலையில் ஸ்கூட்டரில் இங்கே வந்து, ஒரு காபியில் மத்தியானம் வரை உட்கார்ந்து, வேலைக்கு மனு எழுதியிருக்கிறார். ஒரு நாளாவது அந்த சர்வர் 'வேற என்ன சார்?' என்று கேட்டதில்லையாம். நாலாவது மாசம், பக்கத்து மேஜையில் பழக்கமான ஒருவர் மூலமாகவே அப்பாவுக்கு வேறு வேலை கிடைத்தது. சம்பளம் குறைச்சல்தான். ஆனால் வீட்டில் அடுப்பு ஒரு நாளும் அணையவில்லை.

இது அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இந்த வாரம் இந்தப் பக்கம் மட்டும் எங்கள் வீட்டுப் பிரதியில் கிழிந்திருக்கும்.

ஓட்டல் இருந்தது அரசாங்க நிலம். 2008-ல் மூடினார்கள். 2010-ல் பூங்கா திறந்தார்கள். ஊருக்குப் பூங்கா வந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல நிழல், குழந்தைகள் ஓடுகின்றன.

ஆனால் பி.காமில் 'குட்வில்' என்று ஒரு சமாசாரம் சொல்லிக் கொடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, சொத்துக் கணக்கில் மட்டும் வரும். பரீட்சையில் அதில் எனக்குப் பாதி மார்க்தான். அர்த்தம் புரிந்தது சமீபத்தில். ஒரு மால் காபிக் கடையில் 280 ரூபாய் கொடுத்து உட்கார்ந்தேன். பத்தாவது நிமிஷம், "எனிதிங் எல்ஸ் சார்?" என்றான் பையன். அவனைச் சொல்லி என்ன பயன்? வாடகை அவனைக் கேட்கிறது, அவன் என்னைக் கேட்கிறான். இன்றைக்கு வேலை போன ஒரு அப்பா, டிபன் பாக்ஸோடு எங்கே போய் உட்காருவார்?

பூங்கா பெஞ்சில் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார்:

"அன்னிக்கு என்ன கிளாஸ்டா கட் அடிச்சே?"

"காஸ்ட் அக்கவுண்டிங்ப்பா. ஏன், அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கேட்கத்தான் நினைச்சேன். நீ திருப்பிக் கேட்டுட்டா?" என்றார் அப்பா. "சரி வா, எங்கேயாவது காபி சாப்பிடலாம். இன்னிக்கும் நான்தான் கொடுப்பேன்."