நீர் வடிந்தால் புல்

பெங்களூரு மர்பி டவுன் மார்க்கெட்டில் கறிக்கடைகளுக்கு மேலே பருந்து சுற்றாத காலை கிடையாது. எறிகிற கொழுப்புத் துண்டு தரையைத் தொடுவதற்குள் போய்விடும். நீர்ப்பறவை பார்க்க அல்சூர் ஏரிக்கு நடக்க வேண்டும்.

அல்சூர் ஏரிக்குச் சுற்றிலும் கல் கட்டிக் கம்பியும் போட்டாயிற்று. தண்ணீர் முடிந்தால் சுவர், சேற்றுக்கரை என்று ஒன்று இல்லை. நீர்க்காகமும் வக்காவும் நடுத்திட்டு மரங்களை நம்பிப் பிழைக்கின்றன. சேற்றைக் கிளறி மேயும் உள்ளானுக்கு இடம் ஏது? 

தண்ணீர் இறங்கினால் கரை வெளிப்படும் இடம் கபினி. காவிரிச் செய்திகளில் டி.எம்.சி. கணக்கோடு வரும் அதே கபினிதான். 1974-இல் முடிந்த அணை, கொள்ளளவு சுமார் 19.5 டி.எம்.சி. நீர்த்தேக்கத்துக்கு ஒருபுறம் நாகரஹொளே, மறுபுறம் பந்திப்பூர். மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்னும் தண்ணீரில் நிற்கின்றன.

கோடையில் மட்டம் இறங்க இறங்க வண்டல் வெளியே வரும், அதில் புல் துளிர்க்கும். காடெல்லாம் காய்ந்து கிடக்கும் மார்ச் முதல் மே வரை யானைகள் நூற்றுக்கணக்கில் அங்கே இறங்குகின்றன. ஆசிய யானைகள் இத்தனை ஒன்றாய்க் கூடும் இடம் அபூர்வம்.

யானை மேய்வதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். முன்காலால் புல்லின் அடியை உதைத்துக் கிளப்பும். துதிக்கையில் சுருட்டிக் காலில் இரண்டு தட்டு, மண் உதிர்ந்த பிறகுதான் வாய்க்கு. குட்டி ஒன்று அதேபோல் தட்டப் போய்ப் புல்லையே கோட்டைவிட்டது.

அணை கட்டியதால் கிடைத்த மேய்ச்சல் என்பதில் எனக்கு ஒரு சங்கடம். மூழ்கிய பள்ளத்தாக்கைப் பற்றியோ, நாகரஹொளேயிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜேனு குருபர் பழங்குடிகளைப் பற்றியோ சஃபாரி ஜீப்பில் பேச்சு எழுவதில்லை. புலி எங்கே என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

கபினியில் நீர் இறங்கினால் உணவு; கென்யாவின் நகுரு ஏரிப் பூங்காவில் நீர் ஏறியதால் கதை நேர்மாறு. அந்த உவர்நீரில் தழைக்கும் நுண்பாசியைத் தின்னச் சிறு பூநாரைகள் லட்சக்கணக்கில் வந்தன. 2010-க்குப் பிறகு ஏரி பொங்கிற்று. உப்பு நீர்த்தது, பாசி குறைந்தது, பூநாரைகள் பொகோரியா போன்ற ஏரிகளுக்குப் பெயர்ந்தன. பூங்காவின் பழைய நுழைவாயிலும் தண்ணீருக்குள் போயிற்று.

நமக்குப் பூநாரை பழவேற்காட்டில் உண்டு. குளிர்காலத்தில் வரும் பெரிய பூநாரை, கால் எட்டும் ஆழம் வரைதான் நடந்து மேயும். அங்கேயும் தண்ணீரின் அளவுதான் பேச்சு.

கபினிக்குக் கிளம்புகிறவர்கள் மழை முடிந்த கையோடு போக வேண்டாம். அணை நிறைந்திருக்கும், புல்வெளி அடியில் கிடக்கும். வெயிலைத் திட்டிக்கொண்டாவது ஏப்ரலில் போங்கள்.