பேசாமடந்தையும் ஞாயிற்றுக்கிழமைகளும்

ஆபீஸ்ல எனக்கு வெச்சிருக்கற பேரு 'மியூட்'. மீட்டிங்ல வாயைத் திறந்து சொல்ல வேண்டியதைக்கூட மெயில்ல எழுதி அனுப்பற ரகம் நான். பொட்டி தட்டற பொழப்புக்கு இது ஒண்ணும் பெரிய குறை இல்ல. கம்பைலர் நம்மகிட்ட "சாப்டியாப்பா"ன்னு கேக்கறதில்ல பாருங்க :-)

அப்படிப்பட்ட நான் ஒன்றரை வருஷமா ஞாயித்துக்கிழமை காலைல தாம்பரம் பக்கத்துல ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்ட்டிருக்கேன். முதல் தடவை கம்பெனில இருந்து கும்பலா கூட்டிட்டுப் போனாங்க. கூட வந்தவங்க அந்தாக்ஷரி, பழைய பாட்டுன்னு கலக்கிட்டாங்க. நான் ஒரு ஓரமா நின்னு வாழைப்பழம் கொடுத்துட்டிருந்தேன். "எப்படி இருக்கீங்க தாத்தா?" சரி, அதுக்கப்புறம்? "உங்க பசங்க எங்க இருக்காங்க?"ன்னு, எதைக் கேக்கக் கூடாதோ அதுதான் வாய்ல வருது.

ஏனோ அடுத்த வாரம் தனியாப் போனேன். அங்க வேலை பார்க்கற அக்கா என் முழியைப் பார்த்துட்டு, "பேச வரலைன்னா பரவால்ல தம்பி, கை இருக்குல்ல?"ன்னு நெயில் கட்டரைக் கொடுத்தாங்க. வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் ஊறவெச்சா தடிச்ச நகம்கூட ஈஸியா வரும். சர்க்கரை இருக்கறவங்க கால் நகத்துல மட்டும் நான் கை வைக்கக் கூடாது, சின்னக் காயம்கூட புண்ணாயிடும்னு சொல்லிக் கொடுத்தாங்க.

அங்க ஒரு தாத்தா, தபால் ஆபீஸ்ல இருந்து ரிடையர் ஆனவர். ஒரு வார்த்தையைத் தேடிப் பிடிக்க அவருக்கு அரை நிமிஷம் ஆகும். மத்தவங்க அதுக்குள்ள அவங்களா ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுத்துடுவாங்க. அவரும் "ஆமா ஆமா"ன்னு விட்டுடுவார். நான் சும்மா உக்காந்திருப்பேன். வார்த்தை வந்துடும். அவர் முகத்துல அப்ப ஒரு சந்தோஷம் வரும் பாருங்க! ஆஹா, நம்ம மௌனத்துக்கும் ஒரு மவுசு இருக்கேன்னு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துச்சு.

அது இறங்கறதுக்கு ரெண்டு செகண்ட்தான் ஆச்சு.

படுத்த படுக்கையா ஒரு பாட்டி. பார்வை கிட்டத்தட்ட இல்ல. படுக்கைப் புண் வராம இருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவங்களைத் திருப்பிப் படுக்க வைக்கணும். அன்னிக்கு ஆள் குறைச்சல், அக்கா என்னைக் கூப்பிட்டாங்க. அவங்க தலையணை எடுக்கத் திரும்பின நேரத்துல, நான் ஒரு வார்த்தை பேசாம பாட்டியோட தோளுக்கு அடியில கையைக் கொடுத்தேன்.

பாட்டி அலறிட்டாங்க. "யாரு? யாரு?"ன்னு கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உடம்பெல்லாம் நடுக்கம். பயத்துல துணியெல்லாம் நனைஞ்சு போச்சு. அவங்க பக்கத்துல இருந்து பார்த்தா, இருட்டுக்குள்ள இருந்து ஒரு கை வந்து தூக்குது. எனக்கு அங்கேயே செத்துடலாம் போல இருந்துச்சு.

அக்கா திட்டல. "கைக்கு முன்னாடி குரல் போகணும் தம்பி"ன்னாங்க. அப்புறம் அவங்களே செஞ்சு காட்டினாங்க. "பாட்டி, நான்தான்... இடது பக்கம் திருப்பப் போறேன்... கையை மடிச்சுக்கோங்க... ஒண்ணு, ரெண்டு..." இத்தனை நாளா அக்கா சும்மா தொணதொணன்னு பேசறாங்கன்னு நெனச்சுட்டிருந்தேன். ப்ரொடக்ஷன் சர்வர்ல சொல்லாம கொள்ளாம கை வைக்கறவனை நாம சும்மா விடுவோமா? மனுஷ உடம்புல நான் அதைத்தானே செஞ்சேன்?

பஸ்ல திரும்பி வர்றப்ப யோசிச்சேன். தாத்தாகிட்ட நான் பேசாம இருந்தது அவருக்காக. பாட்டிகிட்ட பேசாம இருந்தது எனக்காக, என் கூச்சத்துக்காக. வெளியே பார்க்க ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. இத்தனை வருஷம் நான் 'அமைதியான சுபாவம்'னு சொல்லிக்கிட்டதுல இந்த ரெண்டாவது வகை எவ்வளவோ?

இப்போ பாட்டி கட்டில் பக்கத்துல போனதும் முதல்ல என் குரல்தான் போகுது. "பாட்டி, ஞாயித்துக்கிழமை தம்பி வந்திருக்கேன். உங்க வலது கையைத் தொடப் போறேன். தண்ணி கொண்டாந்திருக்கேன், தலையைக் கொஞ்சம் தூக்கப் போறேன்." ரன்னிங் கமென்ட்ரிதான் போங்க.

போன வாரம் பாட்டி அக்காவைக் கூப்பிட்டு கேட்டாங்களாம்: "இந்தப் புள்ள வாயே மூடாதா?"

என்னை இப்படிச் சொன்ன முதல் ஆள் அவங்கதான்!