ஜூஹு கடற்கரையில் மூன்று மாலைகள்

சென்னையில் வளர்ந்த எங்களுக்குப் பூரணச் சந்திரன் கடலில் உதிப்பவன். மும்பை மாட்டுங்காவில் பிறந்த எங்கள் குழந்தைகளுக்கோ, பிறைச் சந்திரன் கடலில் மறைபவன். இவ்வேற்றுமையை நாங்கள் உணர்ந்தது சென்ற தை மாதத்தில்தான்.

மூன்றாம் பிறையைக் காண்பது நன்மை தரும் என்றார் ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி. எங்கள் தெருவில் மாடிக் கட்டிடங்களுக்கிடையே மேற்கு வானம் தெரியாது. ஆகவே அனைவரும் மாட்டுங்கா ரோடு நிலையத்தில் ரயிலேறி, சாந்தாகுரூஸில் இறங்கி, பஸ்ஸில் ஜூஹு கடற்கரையை அடைந்தோம்.

சூரியன் மறைந்ததும் தோணி போன்ற மெல்லிய பிறை தோன்றிற்று. பாட்டி கைகூப்பினார். எஞ்சிய வட்டமும் மங்கலாகத் தெரிவதை மகன் சுட்டிக் காட்டினான்.

"மற்றப் பகுதி ஏன் இருண்டிருக்கிறது?" என்று மகள் வினவினாள்.

"பூமியின் நிழல் மறைக்கிறது, அம்மா" என்று சற்றும் தயங்காமல் விடையளித்தோம்.

அட்டமியன்று மாலை ஐந்து மணிக்கே மீண்டும் சென்றோம். அரைச் சந்திரன் உயரத்தில் நின்றான். சூரியனும் இன்னும் மறையவில்லை. மணலில் கிழக்கு நோக்கி நீண்டு கிடந்த தன் நிழலை மகள் காட்டினாள்.

"அப்பா, என் நிழல் சூரியனுக்கு எதிர்ப்புறம் விழுகிறதே! பூமியின் நிழலும் அப்படித்தானே விழ வேண்டும்? அது எப்படிச் சந்திரனை மறைக்கும்?"

எங்களுக்கு வாயடைத்துப் போயிற்று. இளமை முதல் நாங்கள் நம்பி வந்தது பிழை! மகனுடைய வெள்ளைப் பந்தை வாங்கி, சந்திரனுக்கு நேராக உயர்த்திப் பிடித்தோம். என்ன வியப்பு! பந்திலும் மேற்குப் பாதி ஒளிர்ந்தது. மறு பாதி இருண்டிருந்தது. சந்திரனும் பந்தும் ஒரே வடிவில் விளங்கின.

சந்திரனில் ஒரு பாதி எப்பொழுதும் வெயிலில்தான் இருக்கிறது. அவன் பூமியைச் சுற்றி வருகையில், அப்பாதியில் நமக்குத் தெரியும் பங்கு கூடிக் குறைகிறது. ஓர் அமாவாசை முதல் மறு அமாவாசை வரை சுமார் 29½ நாள். பூமியின் நிழல் அவன்மீது படிவது சந்திர கிரகணத்தின்போது மட்டுமே. மூன்றாம் பிறையில் மகன் கண்ட மங்கலொளியோ, பூமியில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளி. தவறாகச் சொல்லிவிட்டோம் என்று குழந்தைகளிடம் ஒப்புக்கொண்டோம். அதில் இழிவொன்றுமில்லை.

பௌர்ணமியன்று நீர் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. மேற்கே சூரியன் கடலில் இறங்க, கிழக்கே கட்டிடங்களுக்கு மேல் முழுநிலவு எழுந்தது. "இந்நேரம் நம் ஊரில் கடலிலிருந்து புறப்பட்டிருப்பான்" என்று பாட்டி பெருமூச்செறிந்தார். மகளோ இரு கைகளையும் இருபுறமும் நீட்டி, "நடுவில் நாம்!" என்று கூவினாள்.

அண்டை வீட்டு மராத்தியக் குழந்தைகள் 'சுத்த', 'வத்ய' என்று கூறும் பட்சங்களே நம் வளர்பிறை, தேய்பிறை என்பதையும் எங்கள் குழந்தைகள் இப்பொழுது அறிவர். சங்கத்து அன்பர்களும் தம் மக்களோடு இவ்வாறு சென்று வரலாம். ஒரு பந்து போதும்.

தேய்பிறை நாளுக்கு நாள் தாமதித்து எழும். அதன் கடைசிக் கீற்றைக் காண விடியுமுன் மாடிக்குச் செல்ல வேண்டும். அதற்காக மகள் கடிகாரத்தில் மணி வைத்துவிட்டாள். எழுந்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்!