சுவரில் நிற்கும் மாதா

பிரான்சின் கிழக்குப் பகுதியில், ரோன்ஷாம் என்னும் சிற்றூரை ஒட்டிய குன்றின்மேல் லெ கொர்புசியே எழுப்பிய மாதா சிற்றாலயத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கூரையில் தொடங்கிக் கூரையிலேயே முடித்துவிடுகிறார்கள். அது பேசத் தக்க கூரைதான். 1946-இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் கண்டெடுத்த ஒரு நண்டின் ஓடே அதற்கு மூலக்கரு என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். மெல்லிய கான்கிரீட் ஓடுகள் இரண்டு. இடையில் ஓர் ஆள் உயரத்துக்கும் மிகுந்த வெற்றிடம். சுவரின்மேல் படியாமல், சுவருக்குள் மறைந்திருக்கும் தூண்களின்மேல் அது நிற்கிறது. ஆகவே சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் இடைவெளியில் வெளிச்சம் ஒரு கோடாக ஓடுகிறது. அவ்வளவு பெரிய பாரம் மிதப்பதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

எனக்கோ அந்தக் கட்டடத்தில் கூரையைவிடப் பெரிய செய்தியாகப் படுவது, கிழக்குச் சுவரில் பதிந்துள்ள ஒரு சிறு கண்ணாடிப் பேழை. நான் ரோன்ஷாமுக்குச் சென்றதில்லை. என் துறையும் மொழியியல்தான், கட்டடக் கலை அன்று. ஆயினும் இரண்டு மாதங்களாக அந்த ஆலயத்தின் வரைபடங்களோடுதான் என் இரவுகள் கழிகின்றன. காரணம் எங்கள் ஊர்க் கோயில்.

தூத்துக்குடிக் கடற்கரையில் உள்ள எங்கள் பங்கில், பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய மாதா கோயிலை இடித்துவிட்டு, இரண்டாயிரம் பேர் அமரும் மண்டபம் ஒன்றை எழுப்பப் போகிறார்கள். கட்டடக் குழுவில் இருக்கும் உறவினர் ஒருவர் கொல்கத்தாவுக்குத் தொலைபேசியில் அழைத்து, “எல்லாரும் உள்ள உக்காரணும் தம்பி, அவ்வளவுதான். நீ படிச்சவன், ஒரு வார்த்தை சொல்லு” என்றார். ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை.

திருத்தலம் என்பது ஒரு கணக்குச் சிக்கல். ஆண்டில் முந்நூற்றைம்பது நாளும் அங்கே ஐம்பது பேர் வருவார்கள். திருவிழா நாட்களில் பல்லாயிரம் பேர் திரள்வார்கள். ஐம்பது பேருக்குக் கட்டினால் திருவிழாவன்று நெரிசல். ஆயிரங்களுக்குக் கட்டினால், மற்ற நாட்களில் தனியே வந்து அழுகிற ஒரு பெண்ணுக்கு அந்த மண்டபம் ரயில் நிலையமாகத் தெரியும். ரோன்ஷாமுக்கும் இதே சிக்கல்தான். அங்கும் செப்டம்பர் 8 பெருவிழா. வேளாங்கண்ணியில் நாம் கூடும் அதே நாள். ஆகஸ்ட் 15-ஆம் நாளும் கூட்டம் உண்டு.

லெ கொர்புசியே ஆலயத்தின் உள்ளே சுமார் இருநூறு பேருக்கு மட்டுமே இடம் வைத்தார். மீதிப் பேருக்குக் குன்றின் புல்வெளியையே கோயிலாக்கினார். கிழக்குச் சுவரை உட்குழிவாக வளைத்து, கூரையை அதற்குமேல் நீட்டி, அந்த நிழலில் வெளிப்பலிபீடம், மறையுரை மேடை, பாடகர் மேடை மூன்றையும் அமைத்தார். அதே சுவரில்தான் நான் சொன்ன பேழை. 1944-ஆம் ஆண்டுப் போரில் சிதைந்த பழைய கோயிலிலிருந்து மீட்ட மரத்தாலான மாதா சிலை அதில் நிற்கிறது. சாதாரண நாட்களில் உள்ளே இருப்பவர்களைப் பார்த்து நிற்கும். விழா நாளில் சிலையைத் திருப்பிவிடுகிறார்கள். அன்று மாதா வெளியே பார்க்கிறாள்.

நம்முடைய கோயில் மரபு இந்தச் சிக்கலை இரண்டு திருமேனிகளால் தீர்த்தது. மூலவர் கருவறையில் இருப்பார். உற்சவர் வீதிக்கு வருவார். கருவறை சிறியதாகவே இருக்கலாம், ஏனெனில் தெருவும் கோயிலின் பகுதி. வேளாங்கண்ணித் தேர்பவனியும் அந்த இலக்கணத்தில்தான் நடக்கிறது. ரோன்ஷாமில் ஒரே சிலை நின்ற இடத்திலேயே திரும்பி இரண்டு வேலையையும் செய்கிறது.

இங்கே வங்கத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஹவுராவிலிருந்து மின்ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் பேண்டல். 1599-இல் போர்ச்சுகீசியர் நிறுவி, 1632-இல் முகலாயப் படையெடுப்பில் எரிந்து, பின்னர் மீண்டும் எழுந்த கோயில். அங்கே ‘நல்ல பயண மாதா’ முகப்பின் மேல்மாடத்தில் நிற்கிறாள். மெழுகுவர்த்தியுடன் படியேறி வருவோரில் கத்தோலிக்கர் அல்லாதாரும் பலர். கோயிலுக்குள் நுழையாமலேயே அவர்கள் வந்த காரியம் முடிந்துவிடுகிறது.

தொழில்புத்தி விடுவதில்லை. தமிழில் சுட்டெழுத்துகள் மூன்று: அ, இ, உ. ‘உ’ தமிழ்நாட்டுப் பேச்சில் வழக்கொழிந்துவிட்டது; யாழ்ப்பாணத்தார் நாவில் ‘உது’, ‘உங்கே’ என்று இன்னும் வாழ்கிறது. அண்மையும் அன்று, சேய்மையும் அன்று. பெரும்பாலும் கேட்பவர் பக்கம் இருப்பதைச் சுட்டும். ரோன்ஷாம் மாதா அந்த ‘உங்கே’யில் நிற்கிறாள். உள்ளே இருப்பவருக்கு அவள் வெளியே இருப்பவரின் பக்கம். வெளியே இருப்பவருக்கு உள்ளே இருப்பவரின் பக்கம். சுவர் என்றால் பிரிப்பது என்றே நினைத்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் விசித்திரந்தான்.

இத்தனையையும் செய்தவர் பக்திமான் அல்லர். முதலில் இந்தப் பணியை மறுத்தவர். விசுவாசமுள்ள அரைகுறைக் கலைஞரைவிட விசுவாசமற்ற மேதை மேல் என்று வாதிட்ட டொமினிக்கன் துறவி கூத்தூரியே போன்றோர்தாம் அவரை இணங்கவைத்தனர். 1955 ஜூன் 25 அன்று ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. சண்டிகர் அவருடைய மேசையில் வளர்ந்த ஆண்டுகளும் இவையே. சண்டிகர் உயர்நீதிமன்றத்தின் கூரையும் கட்டடத்தைவிட்டு விலகி உயர்ந்து நிற்பதைக் காணலாம். 2016-இல் சண்டிகரின் தலைமைச் செயலக வளாகமும் ரோன்ஷாமும் ஒரே யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன.

குழுவினரிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இன்னொன்று. இடிந்த பழைய கோயிலின் கற்களை அவர் வீசிவிடவில்லை. பாரம் தாங்கும் வலு அவற்றுக்கு இல்லாததால் புதிய சுவர்களுக்குள் நிரப்பினார். எஞ்சியவற்றைக் கொண்டு புல்வெளி ஓரத்தில், குன்றில் நடந்த போரில் மாண்டவர்கள் நினைவாகப் படிப் பிரமிடு ஒன்றும் எழுந்தது. குன்றில் தண்ணீர் அரிது என்பதால் கூரை மழைநீர் முழுவதையும் மேற்குப்புறம் ஒரே தூம்பின் வழியாகத் தொட்டிக்கு இறக்கினார். நம் ஊர்க் கோமுகியைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரிலோ பவளக்கல்லைப் பள்ளம் நிரப்ப ஏலம் விடுவதாகப் பேச்சு.

பிரான்சு நமக்கு எதற்கு என்று கேட்டால் மும்பை இருக்கிறது. தாதரில், போர்ச்சுகீசியர் காலத்துக் கோயில் நின்ற இடத்தில் சார்லஸ் கொரியா 1970-களில் கட்டிய சல்வசாவ் கோயில் ஒற்றை மண்டபம் அன்று. கூரையிட்ட இடமும் திறந்த முற்றமும் ஒன்றோடொன்று கோத்த தொகுப்பு. நம் வெயிலுக்கும் மழைக்கும் நடுவில்தான் அதுவும் நிற்கிறது.

ஆகவே நான் எழுதி அனுப்பியது இவ்வளவே: பழைய கோயிலைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடலைப் பார்த்த கிழக்குச் சுவரில் ஒரு மாடம் திறந்து, வெளியே பலிபீடமும் ஆழமான நிழற்கூரையும் அமையுங்கள். மணல் திடலில் வேப்பமும் பூவரசும் நடுங்கள். திருவிழாக் காலைத் திருப்பலியில் கிழக்கு வெயில் குருவின்மேல் நேராக விழும் என்ற சிக்கல் இருக்கிறது. கூரை எவ்வளவு நீள வேண்டும் என்பதைக் கணக்குத் தெரிந்தவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

குழு அடுத்த மாதம் கூடுகிறது. அதற்குள் உறவினரிடமிருந்து வந்த ஒரே பதில், “மழை பெய்தா?” என்பது. நியாயமான கேள்வி. எங்கள் கரையில் மழை ஐப்பசி கார்த்திகையில். திருவிழா ஆவணியில் என்று எழுதியிருக்கிறேன். பவளக்கல் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு வேலை அறிந்த கொத்தனாரையோ, பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்த பொறியாளரையோ அறிந்த நண்பர்கள் தனிச்செய்தியில் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.