என்ன குறை உனக்கு?

அமெரிக்கத் தொடரான 'மேட் மென்' 2007இல் தொடங்கி 2015இல் முடிந்தது. என் முப்பதுகளின் நடுவில், தம்பி கொண்டுவந்து கொடுத்த டிவிடிகளில் நான் அதைப் பார்க்கத் தொடங்கினேன். 1960இல் நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில் ஒரு விளம்பரக் கம்பெனி. அதன் மூளை டான் டிரேப்பர். கைநிறையச் சம்பளம், புறநகரில் வீடு, மாடலாக இருந்த அழகான மனைவி பெட்டி, இரண்டு குழந்தைகள். ஆனாலும் மனுஷனுக்கு எதுவும் போதவில்லை. அந்தப் போதாமையை ஜான் ஹாம் சிகரெட் பற்றவைக்கும் தோரணையிலேயே காட்டிவிடுவார்.

டான் மேல் எனக்கு வந்தது காதல் இல்லை, பொறாமை. கடைசி சீசனில் பீர் கம்பெனிக்கான கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர், ஜன்னல் வழியே ஒரு விமானத்தைப் பார்க்கிறார். எழுந்து போய்விடுகிறார், அவ்வளவுதான். காரை மேற்கே ஓட்டிக்கொண்டு நாள்கணக்கில் காணாமல் போகிறார். நான் வேலை பார்ப்பது வங்கியில். மாதாந்திர இலக்குகளைப் பற்றிய கூட்டங்களில் எத்தனையோ முறை மனசுக்குள் அப்படி எழுந்து போயிருக்கிறேன்.

சென்ற வருடம் தூக்கம் வராமல் டாக்டரிடம் போனேன். சர்க்கரை, பிரஷர், தைராய்டு எல்லாம் சரியாக இருந்தன. கேள்விகளை என்னிடம்தான் கேட்டார். முடிவை மட்டும் பக்கத்தில் இருந்த என் கணவரிடம் சொன்னார்: "மெனோபாஸ் வயசு சார், அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க." என் கணவரும் பொறுப்பாகத் தலையாட்டினார். நல்லவர்தான், பாவம்.

அந்தத் தூக்கமில்லாத இரவுகளில்தான் மறுபடியும் 'மேட் மென்' பார்க்க உட்கார்ந்தேன். இந்த முறை டான் கொஞ்சம் சலிப்பூட்டினார்; கண் பெட்டி மேலேயே போனது. பெட்டியின் கைகள் திடீர் திடீரென்று மரத்துப்போகின்றன. உடம்பில் ஒன்றும் இல்லை என்று மனநல மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். சோபாவில் படுத்துக்கொண்டு அவள் பேசுகிறாள். அவர் வாயே திறப்பதில்லை. ஆனால் ராத்திரி டான் போன் போட்டால், அவள் சொன்னதை அவனிடம் விவரமாக ஒப்பிக்கிறார்! முதல்முறை பார்த்தபோது இந்தக் காட்சி எனக்கு உறைத்ததாக நினைவே இல்லை.

சீசன் முடிவில் டெலிபோன் பில்லைப் பார்த்து பெட்டி கண்டுபிடித்துவிடுகிறாள். கத்தவில்லை, அழவில்லை. அடுத்த முறை போகும்போது, தன் கணவன் தனக்கு உண்மையாக இல்லை என்பதை டாக்டரிடமே சொல்கிறாள், அது யார் காதுக்குப் போகும் என்று தெரிந்தே. மாமியார் காதில் விழட்டும் என்று பால்காரரிடம் பேசிய அத்தைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தச் சாமர்த்தியம் புதிதா என்ன? நேராகச் சொன்னால் வரப்போகிற பதிலும் நமக்குத் தெரியும்: "என்ன குறை உனக்கு?"

கடைசி எபிசோடில் லெனர்ட் என்று ஒருவர் வருகிறார், ஒரே காட்சிக்கு. டான் வந்து சேர்ந்திருக்கும் கலிஃபோர்னியா கடற்கரை முகாம் ஒன்றில் பலரோடு வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார். சாதாரண ஆபீஸ்காரர். தான் ஃபிரிட்ஜ் தட்டில் இருக்கும் பொருள் போலக் கனவு கண்டதாகச் சொல்கிறார். யாரோ கதவைத் திறக்கிறார்கள், வெளிச்சம் வருகிறது, எல்லோரும் சிரித்த முகமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அவரை யாரும் எடுப்பதில்லை. டான் எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டு அழுகிறார். பெரிய குறை எதுவும் இல்லாத ஒருவர் தன் அலுப்பை வெளிப்படையாகச் சொன்ன இடம் அது. தொடர் முழுக்க டானால் அது முடியவில்லை.

அடுத்த தடவை டாக்டரிடம் தனியாகப் போனேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் நானே சொன்னேன்: "உடம்புக்கு ஒண்ணும் இல்லை. எனக்கு எல்லாமே அலுத்துப்போச்சு."

"என் மேல கோபமா?" என்றார்.

"உங்க மேல இல்ல. ஆனா டாக்டர்கிட்ட எனக்குப் பதிலா நீங்க தலையாட்ட வேண்டாம்."

அலுப்பு ஒரே நாளில் போய்விடவில்லை. கூட்டங்களும் அப்படியேதான் நடக்கின்றன. தூக்கம் மட்டும் பரவாயில்லை.

92 எபிசோடுகளுக்கும் நேரமில்லாதவர்கள் முதல் சீசனின் 13ஐ மட்டுமாவது பாருங்கள். கணவன் மனைவியாகச் சேர்ந்து பார்த்தால் இன்னும் நல்லது. டான் டாக்டருக்குப் போன் போடும் இடத்தில் ரிமோட்டை அழுத்தி நிறுத்திவிட்டு, இது சரியா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.