மலை ஏறிப் பார்த்த பிறகு

புது கார் வாங்கலாம்னு ஷோரூம் போனோம். டெஸ்ட் டிரைவ் குடுத்தாங்க. கள்ளக்குறிச்சி டவுன்ல, சமதளத்துல, ரெண்டே பேரோட. நாங்க போறதோ மாசம் ரெண்டு தடவை வெள்ளிமலைக்கு. அம்மா, பிள்ளைங்க, மூட்டை முடிச்சோட அஞ்சு பேர்.

அதனால அதே மாடல் வச்சிருக்கிற மச்சான் வண்டியில எல்லாரும் ஏறி, கோமுகி அணை தாண்டி மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவுல ரெண்டாவது கியர் இழுக்கல. ஆள் பாரத்துல வண்டி தாழ்ந்து, கரியாலூர் பக்கம் பள்ளத்துல அடி தட்டுச்சு. கிரவுண்ட் கிளியரன்ஸ் கேக்குறப்போ, காலி வண்டிக்கா, ஆள் ஏறின வண்டிக்கான்னு கேளுங்க.

அடுத்தது பாதுகாப்பு. 2023 அக்டோபர்ல வந்த பாரத் என்கேப் மோதல் சோதனையில பெரியவங்களுக்கும் குழந்தைங்களுக்கும் தனித்தனி நட்சத்திரம். பின் சீட்டுல உட்காரப்போறது என் பொண்ணு. குழந்தைங்க நட்சத்திரத்தைத்தான் முதல்ல பார்க்கிறேன். முன்பணம் இன்னும் கட்டல. அடுத்த ஞாயிறு வேற மாடல்ல திரும்ப ஏறுறோம்.